முள்ளை எடுத்துப் போட்ட வாத்தியார்

காலையில் பூங்காவில் நடைப்பயிற்சிக்கு வருகிற நம்ம கூட்டத்தில் நான் ஒருத்திதான் பி.ஏ. இங்கிலீஷ். அதனால் டிவிக்காரப் பையன்கள் வாயில் எது வந்தாலும் அர்த்தம் என்னிடம்தான் கேட்கப்படும். போன வாரம் யாரோ ஒரு தலைவர் இன்னொரு தலைவரைப் பார்த்து ஏதோ சவடால் விட, செய்தி வாசித்த பையன், 'காண்ட்லெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார்' என்று தொண்டை கிழியக் கத்தினான். மறுநாள் பூங்காவில் நீங்கள் நாலு பேரும் ஒரே குரலில், "அது என்னத்தடி தூக்கிப் போட்டாரு?" என்று கேட்டீர்கள்.

இரும்புக் கையுறை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. எனக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கையுறை இல்லை. ஒரு முள் கொப்பு. அதை எழுதிவிடுகிறேன், வாட்ஸப்பில் படித்துக்கொள்ளுங்கள். நீளமாக இருக்கிறது என்று புலம்பக் கூடாது.

நான் பூம்பாறைக்காரி. உங்களுக்குத் தெரியும். கொடைக்கானலிலிருந்து பஸ் குலுக்கிக் குலுக்கி இறக்கிவிடுகிற ஊர். மலைச் சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய பூண்டு வயல். ஒவ்வொரு படிக்கும் கீழே மண் சரியாமல் கல்லை அடுக்கிச் சுவர் வைத்திருப்பார்கள். அதற்குக் கல்கட்டு என்று பெயர். சுண்ணாம்பு, சிமிட்டி எதுவும் கிடையாது. கல்லுக்குக் கல் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வயலுக்கு நேர் மேலே பெரியப்பா வயல். நடுவில் ஒரு கல்கட்டு.

நான் ஆறாவது படித்த வருசம். ஐப்பசி மழையில் அந்தக் கல்கட்டு ஓரிடத்தில் வயிறு தள்ளி, ஒரு விடியக்காலையில் எங்கள் வயலுக்குள் கொட்டிவிட்டது. மேல் வயல்காரர்தான் திரும்பக் கட்ட வேண்டும் என்பது ஊர் வழக்கம். பெரியப்பா, "மழ வெறிக்கட்டும், பூண்டு ஊனி முடிக்கட்டும்" என்று தள்ளிக்கொண்டே போனார். வயலில் கிடந்த கல் அப்பாவின் கண்ணை உறுத்தியது. அதில் தட்டையான கல்லாகப் பார்த்து மூன்றை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் பூண்டுக் கொட்டகைக்கு வாசற்படியாகப் போட்டுவிட்டார். பிடுங்கிய பூண்டைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டுப் புகை போடுகிற கொட்டகை அது. மழையில் வாசல் சேறாகி வழுக்கும், அதற்காக.

அந்த மூன்றும் சாதாரணக் கல் இல்லை. அப்பாவைப் பெற்ற தாத்தா உளி பிடித்துச் செதுக்கி, கட்டுக்கு அடியில் வைத்த கல். பெரியப்பா கேள்விப்பட்டதும் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "எங்கய்யா செதுக்குன கல்ல மிதிச்சுக்கிட்டா போறீக?" என்று கேட்டார்.

அப்பா, "உங்க கல்லுன்னா உங்க வயல்ல கெடந்திருக்கணும். என் பூண்டு மேல ஏன் வந்து விழுந்துச்சு?" என்றார்.

அன்றோடு பேச்சு நின்றது. அம்மா மட்டும் அடுப்பு ஊதிக்கொண்டே, "மூணு கல்லுக்கு முன்னூறு பேச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை யார் கேட்டார்கள்.

மாசி பிறந்து பூண்டு முற்றியது. தாள் மஞ்சளடித்துச் சாய்ந்தது. சாய்ந்த பூண்டை உடனே பிடுங்க வேண்டும். பிடுங்குவதற்குள் மழை விழுந்தால் மண்ணுக்குள்ளேயே பல் பிரிந்து, கறுத்து, நாறிப் போகும். அந்தப் பூண்டுதான் எங்களுக்கு வருசம் முழுக்கச் சோறு. பிடுங்கிய மூட்டையைக் குதிரையில் ஏற்றிக் கொண்டுவர எங்கள் வயலுக்கு ஒரே பாதைதான். அது பெரியப்பா வயலின் ஓரமாகப் போகிறது.

ஒரு நாள் வெள்ளனே அப்பா குதிரைக்காரரோடு போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார். பாதை வாயில் முள் கொப்பு கிடந்தது. அதன் மேல் ஒரு கல்.

வேலிக்கு வெட்டிப் போட்ட முள் என்றால் சும்மா கிடக்கும். மேலே கல் வைத்திருந்தால் அது பேச்சு. 'தைரியம் இருந்தா எடு' என்று அர்த்தம். எடுக்காவிட்டால் பாதை போச்சு, பாதையோடு மானமும் போச்சு. எடுத்தால் சண்டைக்குச் சம்மதம் என்று பொருள். முள்ளைப் போட்டவர் அதற்கப்புறம் வாய் திறக்கக் கூடாது. எடுத்தவர்தான் இடத்தையும் விதத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் எடுத்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். 'மந்தையில, கம்போட.' மந்தை என்பது ஊர்ப் பொதுத் திடல். அப்படி எடுத்த ஒருவர் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்ததை நாங்கள் தினமும் பார்த்து வளர்ந்தோம். இன்னொரு விதியும் உண்டு. முள்ளைப் பற்றி வெளியாளிடம் மூச்சு விடக் கூடாது.

அப்பா எடுக்கவும் இல்லை, எடுக்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. குதிரைக்காரருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்து ஒரு மூங்கில் கம்பைச் சீவ ஆரம்பித்தார். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கேள்விப்பட்டு மன்னவனூரிலிருந்து வந்து இறங்கினார். அவர் கையிலும் ஒரு கம்பு.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் அந்தப் பாடத்தை எடுத்துத் தொலைத்தார்.

வாத்தியார் பழனிக்காரர். காலேஜ் முடித்த சூட்டோடு மலைக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய அப்பாவுக்குப் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. எங்கள் ஊர்க்காரர்கள் காவடி எடுத்து இறங்கிப் போனால் அந்தக் கடைக்குப் பின்னால்தான் படுப்பார்கள், அங்கேதான் குளிப்பார்கள். அந்த உறவில் ஊரே அவருக்குப் பாலும் விறகும் கொண்டுபோய்க் கொடுத்தது. வயல்களைத் தாண்டி, மேட்டில் ஒற்றை அறையில் தங்கியிருந்தார். குளிர் தாங்க மாட்டார். கொடைக்கானலில் மிஷன் பங்களாவைக் காலி செய்துவிட்டுப் போன வெள்ளைக்காரர் சாமான்களை ஏலம் போட்டபோது ஒரு ஜோடித் தோல் கையுறை வாங்கி வந்திருந்தார். சாக்பீஸ் பிடிக்கும்போது மட்டும் கழற்றுவார்.

பாடப் புத்தகத்தை அவர் மதித்ததே இல்லை. "இதெல்லாம் கெழவனுக எழுதுனது. நான் சொல்றத எழுதிக்கங்க" என்பார். அன்றைக்குப் பலகையில் 'த்ரோ டவுன் த காண்ட்லெட்' என்று எழுதினார்.

"அந்தக் காலத்துல சீமையில ஒருத்தன் இன்னொருத்தனச் சண்டைக்குக் கூப்பிடணும்னா வாயால கூப்பிட மாட்டான். கையில போட்டிருக்கிற இரும்பு உறையக் கழத்தி அவன் முன்னால தரையில போடுவான்." சொல்லிக்கொண்டே தன் இடது கையுறையைக் கழற்றி எங்கள் முன்னால் பொத்தென்று போட்டார். "எதிராளி அதக் குனிஞ்சு எடுத்தான்னா, சரி வா, பாத்துக்கலாம்னு அர்த்தம். என்ன ஆயுதம்னு எடுத்தவன்தான் சொல்லணும். எங்க, யாராச்சும் வந்து எடுங்க பார்ப்போம்."

ஒருத்தரும் அசையவில்லை. தரையில் கிடந்த அந்தக் கையுறையை வகுப்பு முழுக்கப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தது. என் பக்கத்தில் பெரியப்பா மகள். என்னைவிடச் சில மாதம் மூத்தவள், அதனால் அக்கா. வீடுகள் பேசாவிட்டாலும் பெஞ்சு ஒன்றுதான். அவள் என் தொடையைக் கிள்ளினாள். வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று அர்த்தம்.

"ஏய், எடுங்கப்பா! கடிச்சா வைக்கும்?"

முன் பெஞ்சில் இருந்தவர்கள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

"மலை ஏறி வந்தா மண்டைக்குள்ள பனி மூடிக்கிடும்னு எங்கம்மா சொன்னது சரியாத்தான் இருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. இவ்வளவு எளிய விசயம் இந்தப் பிள்ளைகளுக்கு ஏன் ஏறவில்லை என்று அவருக்கு ஒரே வருத்தம். எங்களுக்கோ அவர் வாயைத் திறந்ததுமே ஏறிவிட்டது. சீமையிலும் முள் போடுவார்கள் போல!

"சரி, ஒரு வாக்கியத்துல வச்சுச் சொல்லுங்க" என்று அக்காவை எழுப்பினார்.

அக்கா எழுந்தாள். அழுத்தம் திருத்தமாக, "மை ஃபாதர் த்ரூ டவுன் த காண்ட்லெட்" என்றாள்.

வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்கப்பாகிட்ட ஏது புள்ள இரும்புக் கையுறை? பூண்டு பிடுங்கவா?"

அக்கா நின்றபடியே அழுதாள். கேலி செய்ததற்கு அழுகிறாள் என்று நினைத்து அவர் பாவம், மன்னிப்பெல்லாம் கேட்டார்.

மறுநாள் காலை அவர் பள்ளிக்கூடம் வர ஏனோ எங்கள் வயல் பாதையைப் பிடித்தார். வழக்கமாகப் பஸ் ரோட்டில் சுற்றி வருவார். அன்றைக்குத் தாமதம், குறுக்கு வழி. பாதை வாயில் முள். செருப்பில்லாமல் பிள்ளைகள் ஓடுகிற வழியில் எந்த மடையன் இதைப் போட்டான் என்று கையுறை போட்ட கையால் கல்லை உருட்டிவிட்டு, கொப்பைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்தார். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தார். மேலே, கீழே, எல்லாப் படிகளிலும் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த ஜனம் நிமிர்ந்து நின்றது. அவர் எல்லோரையும் பார்த்துக் கையசைத்தாராம்.

மத்தியானத்துக்குள் ஊர் இரண்டாகிவிட்டது. பெரியப்பா, தன் தம்பிதான் வாத்தியாரை ஏவி எடுக்க வைத்தான் என்று முடிவு கட்டினார். "காவடிக்குப் போனா நம்ம படுக்கிற வீட்டுப் புள்ள. அவரு மேல நான் கம்பு தூக்க மாட்டேன்னு தெரிஞ்சே அனுப்பியிருக்கான். பொட்டப் பய!" அப்பாவோ, வாத்தியாரை முன்னால் விட்டுத் தன்னைக் கோழை என்று ஊர் சிரிக்கும்படி செய்தது பெரியப்பாவின் வேலை என்று குதித்தார். இரண்டு பேருமே தப்பு. இரண்டு பேரும் கொஞ்சம்கூடச் சந்தேகப்படவில்லை. சாயங்காலம் எல்லோரும் மந்தைக்கு வர வேண்டும் என்று ஊர்ப் பெரியதனக்காரர் ஆள் அனுப்பினார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அக்காவும் வாத்தியார் அறைக்கு ஓடினோம். அவர் புகைந்துகொண்டிருந்த அடுப்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க முள்ள எடுத்துட்டீக சார்."

"ஆமா. யாரோ பாதையில போட்டு வச்சிருந்தாங்க. கால்ல குத்தாதா?"

"சார், அதுதான் சார் காண்ட்லெட்டு!"

அவர் ஊதுகுழலைக் கீழே வைத்தார். கல்கட்டு இடிந்ததிலிருந்து நாங்கள் மாற்றி மாற்றிச் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் அடுப்புச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது.

"இத நேத்தே வகுப்புல சொல்லக்கூடாதா?"

"வெளியாளுககிட்ட முள்ளப் பத்திப் பேசக்கூடாதுங்க சார்."

"இப்ப மட்டும் பேசுறீங்க?"

"இப்ப நீங்க வெளியாளு இல்லையே சார்" என்றாள் அக்கா. "எடுத்துட்டீகல்ல."

மந்தையில் பெரியப்பா பக்கம் ஒரு கூட்டம், அப்பா பக்கம் ஒரு கூட்டம். மாமா கம்பை மண்ணில் ஊன்றி நின்றார். பொழுது இன்னும் இருந்தது. கிழக்கே மேகம் கட்டியிருந்தது, எல்லோரும் அதையும் ஒரு கண் பார்த்துக்கொண்டார்கள்.

பெரியதனக்காரர் தன்மையாகத்தான் சொன்னார். "சார், நீங்க தெரியாம எடுத்தது. அந்தக் கொப்ப எடுத்துப் பழைய எடத்துலயே போட்டுருங்க. உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டாக."

நல்ல வழி மாதிரிதான் தெரிந்தது. ஆனால் முள் திரும்பிப் பாதைக்கு வந்தால், இத்தனை பேர் முன்னால் அப்பா அந்த நிமிசமே அதை எடுத்தாக வேண்டும். மாமா கம்பை வலது கைக்கு மாற்றிக்கொண்டதை நான் பார்த்தேன். வாத்தியாரும் பார்த்தார். அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"எடுத்தது எடுத்ததுதானுங்க" என்றார். "எங்க, எப்படின்னு நான்தான சொல்லணும்?"

"நீங்கதான் சொல்லணும்."

"எடம், இடிஞ்ச கல்கட்டு. ஆயுதம், கல்லு."

கூட்டம் கசமுசவென்றது. "கல்லெறிஞ்சா மண்ட தெறிச்சுப் போகும் சார்!"

"எறியிறதுக்கு இல்லீங்க, அடுக்குறதுக்கு. ஒரு மூலையிலருந்து அவரு, ஒரு மூலையிலருந்து நானு. நடுவுக்கு எவன் மொதல்ல வர்றானோ அவன் ஜெயிச்சான்."

பெரியப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்க கையப் பாத்தா வெங்காயம் உரிச்ச கை மாதிரிகூடத் தெரியலையே சார்."

"அது என் கஷ்டமுங்க. நீங்க வர்றீங்களா, இல்லையா?"

"உங்க அய்யா வீட்டுல படுத்து எந்திரிச்சவன். கம்புன்னா வந்திருக்க மாட்டேன். கல்லுன்னா வாரேன்."

மறுநாள் சனிக்கிழமை. ஊரே படிகளில் உட்கார்ந்துவிட்டது, தேர் பார்க்கிற மாதிரி. வேறு யாரும் கல்லைத் தொடக்கூடாது என்று பேச்சு. பெரியப்பா ஒவ்வொரு கல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்து உட்கார வைத்தார். வாத்தியார் கையுறையோடு கண்ணில் பட்டதையெல்லாம் தூக்கி வைத்தார். இடுப்பளவு வந்ததும் சரிந்தது. மறுபடி வைத்தார், மறுபடி சரிந்தது. கையுறை கல்லைப் பிடிக்கவிடாமல் வழுக்குகிறது என்று கழற்றிக் கட்டின் மேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை கிழிந்து கல்லில் ரத்தம். யாரோ, "போதும் சார், விட்டுருங்க" என்று கத்தினார்கள். அவர் காதிலேயே வாங்கவில்லை.

அப்பா கைகட்டி எங்கள் வயலில் நின்றார். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்புறம் முணுமுணுத்தார். "சின்னக் கல்ல அடியில குடுக்குறாரு... அய்யோ, வெளிய சாயுது... உள்பக்கம் சல்லி போடணும்யா..." ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"நீ எதுக்குடா வர்ற?" என்றார் பெரியப்பா. ஐப்பசிக்கு அப்புறம் தம்பியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. "இது எனக்கும் வாத்தியாருக்கும்."

"இவரு கட்டுறது அடுத்த மழைக்கு யாரு பூண்டு மேல விழும்? உங்க பூண்டு மேலயா?"

"அப்ப ஒழுங்காக் கட்டு."

"கட்டத்தான வந்திருக்கேன்!"

வாத்தியார் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். அம்மா அவர் கையில் மஞ்சள் அரைத்துப் பூசினாள். அப்புறம் பொழுது முழுக்க அண்ணனும் தம்பியும் திட்டிக்கொண்டே கட்டினார்கள். நடுவில் வந்து நின்றபோது அடியில் மூன்று கல் இடம் வெறுமையாக இருந்தது. அப்பா கொட்டகைப் பக்கம் நடந்தார். வாசற்படியைப் பெயர்த்து ஒவ்வொரு கல்லாகத் தோளில் சுமந்து வந்தார். மாமா கை கொடுக்கப் போனதற்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். பெரியப்பா அந்தக் கல்லை வாங்கும்போது, "செதுக்குன பக்கம் வெளியில வரட்டும்" என்றார். அவ்வளவுதான் சமாதானம்.

அதற்கப்புறம் இருவரும் ஒட்டி உறவாடினார்கள் என்று நினைக்காதீர்கள். தேவைக்குப் பேசுவார்கள், முக்கால்வாசி திட்டுத்தான். பாதை மட்டும் திறந்தே கிடந்தது. அடுத்த நாளே குதிரை வந்தது. இருந்தும் மழை முந்திக்கொண்டதில் கீழ்ப் படியில் பாதிப் பூண்டு கறுத்துவிட்டது. மிச்சத்தை வைத்து ஒப்பேற்றினோம்.

வாத்தியாரின் இடது கையுறை மட்டும் கிடைக்கவில்லை. கட்டின் மேல் வைத்தது கல் இடுக்கில் விழுந்து, அதன் மேல் அப்பாவும் பெரியப்பாவும் சல்லி போட்டுக் கட்டிவிட்டார்கள். எடுக்க வேண்டுமானால் சுவரைப் பிரிக்க வேண்டும். "கெடக்கட்டும்" என்றார் வாத்தியார். அடுத்த வருசம் மாற்றல் வாங்கிக் கீழே போகும்வரை ஒற்றைக் கையுறையோடுதான் திரிந்தார்.

அப்போது பெரியப்பாவை ராட்சசன் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அந்த முள்ளின் மேல் இருந்த கல் ரொம்பச் சின்னது. வாத்தியார் ஒரு கையால் உருட்டிவிட்டாரே. அவ்வளவு சின்னக் கல் வைத்த மனுசர் சண்டையைத்தான் எதிர்பார்த்தாரா, தம்பி வந்து கத்துவான் என்று எதிர்பார்த்தாரா? எனக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்க எனக்கு வயசு வந்தபோது அவர் இல்லை.

போன மாதம் அக்கா போனில் பேசினாள். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். மழையில் அந்தக் கல்கட்டு விழுந்துவிட்டதாம்.

"கையுறை இருந்துச்சா?" என்றேன்.

"தேடிப் பாத்தேன். ஒண்ணும் இல்லடி. எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"யாரு திரும்பக் கட்டுனது?"

"யாரும் கட்டல. என் அண்ணன் மகனும் உன் தம்பி மகனும் பேச்சு வார்த்தை இல்ல. அதே பாதைதான் தகராறு."

"முள்ளு போட்டாச்சா?"

"முள்ளுக்கு இப்ப யாருக்குடி அர்த்தம் தெரியும்? என் அண்ணன் மகன் வக்கீல் நோட்டீசு விட்டிருக்கான்."

அதனால்தான் அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. நோட்டீஸ் தபாலில் வருகிறது, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். பிள்ளைகள் காலில் குத்துமே என்று வழியில் போகிற வாத்தியார் எவரும் அதை எடுத்துப் பள்ளத்தில் எறிய முடியாது.